லேப்டாப் டிஸ்க்கை என்கிரிப்ட் பண்ணி நான் பட்ட பாடு

லேப்டாப்ல ஸ்கிரீன் செத்துப்போச்சு, அதுலேந்துதான் எல்லாம் ஆரம்பிச்சுது. டிஸ்ப்ளேயே வராத மெஷின்ல எதை அழிக்கிறது, எதை வேற இடத்துக்கு மாத்துறது, அப்படியே சர்வீஸ்க்கு தூக்கிட்டு போயிட்டேன். "லாகின் பாஸ்வேர்ட் சொல்லுங்க சார், ஸ்கிரீன் மாத்தினப்புறம் டெஸ்ட் பண்ணணும்ல"ன்னாங்க, நானும் யோசிக்காம சொல்லிட்டேன், அவரு அதை ஒரு மஞ்சள் துண்டு சீட்டுல பெருசா எழுதி மூடி மேலயே டேப் போட்டு ஒட்டிட்டாரு. என் கண்ணு முன்னாடியே. பக்கத்துல பத்து பன்னெண்டு லேப்டாப் அடுக்கி வச்சிருந்தாங்க, எல்லாத்து மேலயும் அதே மாதிரி சீட்டு, ஒண்ணுல யாரோட குழந்தை பேரோ பிறந்த வருஷமோ கூட எழுதியிருந்துச்சு. அப்போ எனக்கு ஒண்ணும் தோணல. அவசரத்துல கெளம்பி வந்துட்டேன்.

நாலு நாள் கழிச்சு புது ஸ்கிரீனோட வந்துச்சு, சந்தோஷமா வீட்ல வந்து திறந்தேன். ஃபைல் மேனேஜர்ல சமீபத்துல திறந்த ஃபைல்னு ஒரு லிஸ்ட் வரும்ல, அதுல மேலயே எங்க குடும்ப போட்டோ ஃபோல்டர்லேந்து ஏழெட்டு படம். நான் அதை திறந்து பல மாசம் ஆச்சு. தேதியை பாத்தேன், அன்னிக்கு லேப்டாப் என் கைலயே இல்ல.

என்ன பண்ணாங்க, சும்மா பொழுது போகாம பாத்தாங்களா, காப்பி பண்ணாங்களா, எதுவும் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வழி இல்ல. போய் சண்டை போட்டா "டெஸ்டிங்குக்கு ஏதாவது படம் திறந்திருப்போம் சார்"னு சொல்லிடுவாங்க, அது பொய்யாவும் இருக்கலாம் நிஜமாவும் இருக்கலாம். அன்னிக்கு ராத்திரி உக்காந்து அந்த டிஸ்க்ல என்னென்ன இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுத ஆரம்பிச்சேன். அடையாள அட்டை ஸ்கேன், வருமான வரி பேப்பர், வீட்ல எல்லாரோட மெடிக்கல் ரிப்போர்ட், பிரவுசர்ல சேவ் பண்ணி வச்ச அத்தனை பாஸ்வேர்ட், வேலைக்காக அடுத்தவங்க நம்பி கொடுத்த ஃபைல். ஒரு பக்கம் முழுசா வந்துச்சு. அதுல பாதி என்னோடதே இல்ல, அதுதான் இன்னும் உறுத்துச்சு.

ஃப்ரெண்ட் ஒருத்தன் கிட்ட புலம்பினேன். "இனிமே பாஸ்வேர்ட் சொல்ல மாட்டேன்டா"ன்னேன். சிரிச்சான். "சொல்லாம இருந்திருந்தா மட்டும் என்ன ஆகியிருக்கும்"னு கேட்டுட்டு பையிலேந்து ஒரு லைவ் பென்டிரைவ் (உள்ளயே ஒரு முழு ஓஎஸ் இருக்கும்) எடுத்து சொருகி, என் லேப்டாப்பை அதுலேந்து பூட் பண்ணான். மூணு நிமிஷம் கூட ஆகல. என் ஹோம் ஃபோல்டர் மொத்தமும் திரையில, எந்த பாஸ்வேர்டும் கேக்காம. அதுல ஃபயர்ஃபாக்ஸ் ப்ரொஃபைல் ஃபோல்டரை மட்டும் காப்பி பண்ணி அவனோட லேப்டாப்ல போட்டு திறந்து காட்டினான், நான் சேவ் பண்ணி வச்சிருந்த பாஸ்வேர்ட் எல்லாம் வரிசையா நிக்குது. சேவ் பண்ணதுக்கெல்லாம் மேல பூட்டா போடுற பிரைமரி பாஸ்வேர்டை நான் போட்டு வைக்கல, அதனால அது ஒரு தடங்கலும் இல்லாம திறந்துச்சு. லாகின் பாஸ்வேர்ட்ங்கிறது அந்த சிஸ்டம் ஓடிட்டு இருக்கும்போது மட்டும் நிக்கிற வாட்ச்மேன், டிஸ்க்கை கழட்டி வேற மெஷின்ல மாட்டினா வாட்ச்மேனே கிடையாதுன்னு எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சுது. கம்ப்யூட்டரோடவே பொழப்பு ஓட்டுறவன் நான். வெக்கமா இருந்துச்சு.

சரி, என்கிரிப்ட் பண்ணிடுவோம், அதாவது சாவி இல்லாம யாராலயும் படிக்க முடியாதபடி டிஸ்க்ல இருக்குறதை மாத்தி எழுதிடுவோம்னு இறங்கினேன். நான் யூஸ் பண்றது லினக்ஸ், அதுல லக்ஸ்னு ஒரு முறை பல வருஷமா இருக்கு, பூட்டுற வேலையை செய்யுறது கர்னல்ல, அதாவது சிஸ்டத்தோட மையத்துல, இருக்குற டிஎம்-கிரிப்ட், அதை கையாள கிரிப்ட்செட்டப்னு ஒரு கமாண்ட், புதுசா எதுவும் வாங்க வேண்டாம். ஆனா நான் சோம்பேறித்தனம் பண்ணேன். மொத்த சிஸ்டத்தையும் திரும்ப இன்ஸ்டால் பண்ண மனசு வரல. அதனால டிஸ்க்கோட கடைசில ஒரு பார்ட்டிஷன், அதாவது ஒரு தனி பகுதி, ஒதுக்கி அதை மட்டும் என்கிரிப்ட் பண்ணி, முக்கியமான ஃபைல் எல்லாத்தையும் அதுக்குள்ள தள்ளிட்டு, ரகசியம் எல்லாம் பெட்டிக்குள்ள போயிடுச்சு, மத்தது யார் பாத்தா என்னன்னு நெனச்சுக்கிட்டேன். சில மாசம் நிம்மதியா ஓடுச்சு.

அப்புறம் ஒரு நாள் சும்மா சோதிச்சு பாப்போமேன்னு அதே ஃப்ரெண்ட் செஞ்ச மாதிரி லைவ் பென்டிரைவ் போட்டு, என்னையே ஒரு திருடனா நெனச்சுக்கிட்டு தேட ஆரம்பிச்சேன். பூட்டுன பார்ட்டிஷன் பூட்டித்தான் இருந்துச்சு. ஆனா திறந்து கிடந்த ஹோம்ல கேஷ் ஃபோல்டர்குள்ள தம்ப்நெயில்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள ஆயிரக்கணக்குல குட்டிக்குட்டி படம், 128 பிக்சல், 256 பிக்சல் சைஸ்ல. பூட்டி வச்ச அத்தனை போட்டோவோட சின்ன வடிவமும் வெளில. அடையாள அட்டைல பேர் கூட ஓரளவு படிக்க முடியுது. இது பத்தாதுன்னு ஆஃபிஸ் டாக்குமெண்டோட ஆட்டோ சேவ் காப்பி, டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல மெயில்லேந்து எடுத்து மறந்துபோன பிடிஎஃப், எந்த ஃபைலை எப்போ திறந்தேன்னு முழு வரலாறு. ரேம் பத்தாதப்போ சிஸ்டம் எடுத்துக்குற ஸ்வாப் பார்ட்டிஷனை சொல்லவே வேணாம், ரேம்ல இருக்குறது எது வேணா அங்க வந்து எழுதப்பட்டிருக்கலாம், அது டிஸ்க்ல அப்படியே கிடக்கும்.

அதனால தனி பார்ட்டிஷன் மட்டும், இல்ல ஒரு ஃபோல்டர் மட்டும்னு யாராவது கேட்டா நான் வேண்டாம்னுதான் சொல்றேன். பூட்டின பெட்டிக்குள்ள இருக்குறதை நீங்க வெளில எடுத்து பாக்குற ஒவ்வொரு தடவையும் சிஸ்டம் எங்கயாவது ஒரு துணுக்கு சிந்திக்கிட்டேதான் இருக்கும், அதை துடைச்சு முடியாது. பென்டிரைவ், வெளி டிஸ்க்குக்கு தனி பார்ட்டிஷன் சரி. லேப்டாப் உள்ள இருக்குற டிஸ்க்குக்கு மொத்தமா பண்ணிடறதுதான் கணக்கு.

ரெண்டாவது தடவை ஒழுங்கா பண்ணேன். எல்லாத்தையும் ரெண்டு இடத்துல பேக்கப் எடுத்துட்டு, புதுசா இன்ஸ்டால், இன்ஸ்டாலர்லயே என்கிரிப்ட் பண்ணவான்னு ஒரு டிக் பாக்ஸ் வரும், அதை போட்டா போதும், லக்ஸுக்குள்ள எல்விஎம்னு இடத்தை பங்கு பிரிக்கிற ஒரு அடுக்கு, அதுக்குள்ள ரூட் (சிஸ்டம் ஃபைல்), ஹோம் (நம்ம ஃபைல்), ஸ்வாப் மூணும் வந்துடும். எல்லாத்துக்கும் ஒரே பாஸ்ஃப்ரேஸ், அதாவது பல வார்த்தை சேந்த நீள பாஸ்வேர்ட். வெளில நிக்கிறது பூட் பார்ட்டிஷன் மட்டும், அதுல கர்னல் மாதிரி சமாச்சாரம்தான், உங்க ஃபைல் எதுவும் இல்ல. மொத்தம் முக்கால் மணி நேரம் ஆச்சு, இதுக்கா அவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன்னு ஆயிடுச்சு.

மெஷின் ஸ்லோ ஆகுமான்னு எல்லாரும் கேப்பாங்க. 2010 வாக்குலேந்து இன்டெல் ப்ராசஸர்ல ஏஇஎஸ்ங்கிற என்கிரிப்ஷன் கணக்குக்குன்னே தனி இன்ஸ்ட்ரக்ஷன் வந்துடுச்சு, கிரிப்ட்செட்டப் பெஞ்ச்மார்க்னு அடிச்சு பாத்தா என் மெஷின்ல செகண்டுக்கு 2 ஜிபிக்கு மேல காட்டுச்சு, தினசரி வேலைல ஒரு வித்தியாசமும் தெரியல. அந்த இன்ஸ்ட்ரக்ஷன் இல்லாத ரொம்ப பழைய குட்டி லேப்டாப்னா முக்கி முனகும், அது வேற.

உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டது பின்னாடி ரொம்ப உதவுச்சு, அதனால சொல்லிடறேன். நாம அடிக்கிற பாஸ்ஃப்ரேஸ் நேரா டேட்டாவை பூட்டுறது இல்ல. டிஸ்க்கை பூட்டுறது மாஸ்டர் கீன்னு ஒண்ணு, அது மெஷின் தானா உருவாக்கின ரேண்டம் எண், நமக்கு கண்ணுல கூட காட்டாது. அந்த மாஸ்டர் கீயை நம்ம பாஸ்ஃப்ரேஸால பூட்டி டிஸ்க்கோட ஆரம்பத்துல ஹெடர்ங்கிற இடத்துல வச்சிருக்கும். பெரிய வீட்டு சாவியை ஒரு சின்ன பெட்டில வச்சு, பெட்டி சாவியை மட்டும் நம்ம கைல கொடுத்த மாதிரி. அந்த மாதிரி சின்ன பெட்டிங்க பேருதான் கீ ஸ்லாட், லக்ஸ்1ல 8 ஸ்லாட், 2019லேந்து கிரிப்ட்செட்டப்ல டிஃபால்ட்டா வர்ற லக்ஸ்2ல 32 வரைக்கும். ஒவ்வொண்ணுலயும் அதே மாஸ்டர் கீ, ஆனா வேற வேற பாஸ்ஃப்ரேஸால பூட்டினது. அதனாலதான் பாஸ்வேர்ட் மாத்தும்போது மொத்த டிஸ்க்கையும் திரும்ப என்கிரிப்ட் பண்ண வேண்டியது இல்லாம ரெண்டு செகண்ட்ல முடியுது. இப்போ என் டிஸ்க்ல ஒரு ஸ்லாட் எனக்கு, இன்னொண்ணு என் மனைவிக்கு, அவங்க பாஸ்ஃப்ரேஸ் எனக்கு தெரியாது, என்னோடது அவங்களுக்கு தெரியாது, ரெண்டு பேரும் திறக்கலாம். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா குடும்பமே ஒரு கறுப்பு திரைய பாத்துட்டு உக்காரக்கூடாதுல்ல.

இப்போ பாஸ்ஃப்ரேஸ் கதைக்கு வர்றேன். டைஸ்வேர்னு ஒரு முறை இருக்கு, அஞ்சு பகடை உருட்டினா 7776 வார்த்தை இருக்குற லிஸ்ட்ல ஒரு வார்த்தை வரும், அப்படி ஆறு வார்த்தை எடுத்துக்கிட்டா கிட்டத்தட்ட 77 பிட் பலம் (2ஐ 77 தடவை பெருக்கின அளவு சாத்தியம்), ஞாபகம் வச்சுக்கவும் சுலபம். அதோட லக்ஸ்2 ஒவ்வொரு தடவை பாஸ்ஃப்ரேஸ் அடிக்கும்போதும் ஆர்கான்2னு ஒரு கணக்கை வேணும்னே மெதுவா, நெறைய ரேம் தின்னு ஓட வைக்கும், நமக்கு ரெண்டு செகண்ட் காத்திருக்கணும், உக்காந்து கோடிக்கணக்குல முயற்சி பண்றவனுக்கு அது கொடுமை. இதெல்லாம் படிச்சுட்டு எனக்கு புத்திசாலித்தனம் வந்துச்சு. இங்கிலீஷ் வார்த்தை எதுக்கு, தமிழ் வார்த்தை ஆறு எடுத்து இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா எந்த டிக்ஷ்னரிலயும் இருக்காதேன்னு, ஒரு தமிழ் அகராதியை கண்ண மூடி பிரிச்சு ஆறு வார்த்தை எடுத்தேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் பழைய பாஸ்ஃப்ரேஸை மாத்திட்டு மெஷினை ஆஃப் பண்ணிட்டு ஊருக்கு போயிட்டேன்.

திங்கட்கிழமை காலைல உக்காந்து அடிக்கிறேன், திறக்கல. ஆறு வார்த்தையும் சத்தியமா ஞாபகம் இருக்கு, வரிசையும் ஞாபகம் இருக்கு. எழுத்துக்கூட்டு ஞாபகம் இல்ல! நெடில் வர்ற இடத்துல எழுத்தை ரெண்டு தடவை போட்டேனா ஒரு தடவையா, "த"வுக்கு வெறும் டி போட்டேனா டிஎச் போட்டேனா, "ண்ண" வர்ற இடத்துல என் (n) ஒண்ணா ரெண்டா. அதுல ஒரு வார்த்தைல ழகரம் வேற. ழகரத்துக்கு ஒருத்தர் இசட்எச் போடுவாங்க, ஒருத்தர் வெறும் எல், நானே வாட்சாப்ல ஒரு நாளைக்கு ஒரு மாதிரி அடிக்கிறவன். தமிழன் பெருமையே ழகரம்தான்னு மேடைல பேசுவாங்க, அந்த ழகரம் என்னை என் லேப்டாப் வாசல்லயே ஒன்றரை மணி நேரம் நிக்க வச்சுது. பேப்பர்ல ஒவ்வொரு வார்த்தைக்கும் நான் எழுதக்கூடிய எழுத்துக்கூட்டு எல்லாம் எழுதி, ஒண்ணு ஒண்ணா அடிச்சு, ஒவ்வொண்ணுக்கும் அந்த ரெண்டு செகண்ட் ஆர்கான்2 காத்திருப்பு, மூணு தடவை தப்பானா பூட் ஸ்கிரீன் திரும்ப முதல்லேந்து. கடைசில நாப்பதாவது முயற்சியோ என்னவோ, இசட்எச்தான்.

அதுக்கப்புறம் ரெண்டு பழக்கம் வந்துச்சு. புது பாஸ்ஃப்ரேஸ் வேணும்னா பழசை மாத்துறது இல்ல, காலியா இருக்குற ஸ்லாட்ல புதுசா ஒண்ணு சேக்குறது, அதை ரெண்டு வாரம் தினமும் அடிச்சு விரல் பழகினப்புறம்தான் பழைய ஸ்லாட்டை அழிக்கிறது. இன்னொண்ணு, ஒரு தாள்ல எழுதி உறைல போட்டு ஒட்டி, லேப்டாப் இருக்குற இடத்துல இல்லாம வேற இடத்துல வச்சிருக்கேன். பாஸ்வேர்டை எழுதி வைக்கவே கூடாதுன்னு ஒரு சட்டம் பேசுவாங்க. வீட்டு பீரோல இருக்குற உறையை எந்த ஹேக்கரும் வந்து பிரிக்கப் போறது இல்ல, என் மறதி தினமும் என்கூடத்தான் இருக்கு. இன்னொரு சின்ன விஷயம், பூட் ஆகும்போது வர்ற அந்த ஸ்கிரீன்ல கீபோர்ட் லேஅவுட் நீங்க உள்ள யூஸ் பண்றதா இருக்கணும்னு அவசியம் இல்ல, ஸ்பெஷல் கேரக்டர் இடம் மாறி உக்காந்திருக்கும், அதனால வெறும் சின்ன எழுத்தும் ஸ்பேஸும் போதும், நீளத்துல பலம் வந்துடும்.

இதெல்லாம் பரவாயில்ல, கடைசில திறந்துச்சு. திறக்காமயே போன கதை ஒண்ணு இருக்கு, அதை நெனச்சா இன்னும் வயித்தை பிசையும்.

1 டிபி வெளி டிஸ்க் ஒண்ணு, அதுவும் லக்ஸ், பேக்கப்புக்கு வச்சிருந்தேன். பேக்கப்னு பேருதான், லேப்டாப்ல இடம் பத்தாம பழைய போட்டோ, வீடியோவை அதுல போட்டுட்டு இங்க அழிச்சிட்டேன், ஆக அது பேக்கப் இல்ல, ஒரே காப்பி. ஒரு நாள் அந்த டிஸ்க் சொருகி திறந்து இருக்கும்போதே ஒரு பென்டிரைவும் சொருகி அதுல லினக்ஸ் ஐஎஸ்ஓ, அதாவது இன்ஸ்டால் ஃபைல், எழுதலாம்னு டிடி கமாண்ட் அடிச்சேன், சொன்ன டிஸ்க் மேல எதுவும் கேக்காம அப்படியே எழுதுற கமாண்ட் அது. சிஸ்டத்துல பென்டிரைவோட பேரு எஸ்டிசி. நான் அடிச்சது எஸ்டிபி, அது வெளி டிஸ்க். ஒரு எழுத்து. எண்டர் தட்டிட்டு வேற வேலை பாக்க போயிட்டேன், திரும்பி வந்து பாத்தா 2 ஜிபிக்கு மேல எழுதி முடிச்சாச்சுன்னு இருக்கு, பென்டிரைவ்ல லைட்டே எரியல, வெளி டிஸ்க்ல எரியுது.

அந்த நிமிஷத்துல நான் பண்ணது என்னன்னா, பதட்டத்துல கேபிளை பிடுங்கினேன். ஐயோ எழுதிடுச்சே, நிறுத்துன்னு. அதுதான் பெரிய தப்பு. ஏன்னா டிஸ்க் திறந்து இருந்த வரைக்கும் மாஸ்டர் கீ ரேம்ல, கர்னல் கிட்ட உயிரோட இருந்துச்சு. ஹெடர் அழிஞ்சிருந்தாலும் அந்த நேரத்துல கீயை வெளில எடுக்க வழி இருக்கு, அப்படி எடுத்திருந்தா முதல் 2 ஜிபி போனாலும் மிச்சத்துல பெரும்பகுதியை மீட்டிருக்க வாய்ப்பு இருந்துச்சு. கேபிளை பிடுங்கி, மெஷினை ரீபூட்டும் பண்ணி, நானே என் கையால அந்த கீயை கொன்னேன். பாஸ்ஃப்ரேஸ் எனக்கு நல்லா தெரியும், ழகரம் உட்பட. ஆனா அது திறக்கிற சின்ன பெட்டியே இல்ல. 900 ஜிபிக்கு மேல டேட்டா அந்த டிஸ்க்ல ஒரு பைட் கூட சிதையாம இன்னிக்கும் இருக்கு, உலகத்துல யாராலயும் படிக்க முடியாது. என்கிரிப்ஷன் எவ்வளவு பலமா வேலை செய்யுதுன்னு எனக்கு காட்டினது திருடன் இல்ல, நான்தான். ரெண்டு வருஷ போட்டோ. ஃபோன்ல, சொந்தக்காரங்க கிட்டனு தேடி கொஞ்சம் சேத்தேன், மிச்சம் போனது போனதுதான்.

ஹெடர் பேக்கப் எடுக்க ஒரே ஒரு கமாண்ட், லக்ஸ்ஹெடர்பேக்கப்னே பேரு, வர்ற ஃபைல் லக்ஸ்2க்கு வெறும் 16 எம்பி. 16 எம்பி எடுத்து வைக்காததுக்கு 900 ஜிபி கொடுத்தேன். இப்போ ஒவ்வொரு டிஸ்க்குக்கும் எடுத்து ரெண்டு பென்டிரைவ்ல வச்சிருக்கேன். அதுல ஒரு உஷார் வேணும், ஹெடர் பேக்கப்குள்ள அந்த நேரத்துல இருந்த கீ ஸ்லாட் எல்லாம் அப்படியே இருக்கும். பாஸ்வேர்ட் யாருக்கோ தெரிஞ்சுடுச்சுன்னு மாத்தினீங்கன்னா, பழைய ஹெடர் ஃபைலும் அந்த பழைய பாஸ்வேர்டும் ஒருத்தன் கைல கிடைச்சா டிஸ்க்கை திறந்துடலாம், அதனால மாத்தின கையோட பழைய ஹெடர் பேக்கப்பை அழிச்சிட்டு புதுசு எடுக்கணும். இன்னொண்ணும் சொல்லிடறேன், லக்ஸ் டிஸ்க்கை விண்டோஸ் மெஷின்ல சொருகினா அதுக்கு ஒண்ணும் புரியாது, இந்த டிஸ்க்கை ஃபார்மட் பண்ணாத்தான் யூஸ் பண்ண முடியும், பண்ணவான்னு ரொம்ப மரியாதையா கேக்கும். வீட்ல யாராவது சரின்னு அமுக்கினா முடிஞ்சுது கதை. என் டிஸ்க் மேல எல்லாம் இப்போ பெருசா "ஃபார்மட் கேட்டா வேண்டாம்னு சொல்லவும்"னு ஒட்டியிருக்கேன். ஒட்டுத்தாள் கலாச்சாரம் எனக்கும் வந்துடுச்சு.

விண்டோஸ்காரங்க கதை வேற. சொந்தக்கார பையன் ஒருத்தன் ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன் பண்ணான், "மாமா, லேப்டாப் நீலமா நிக்குது, 48 நம்பர் கேக்குது"ன்னு. பயாஸ், அதாவது மெஷினை எழுப்பி விடுற அடி சாஃப்ட்வேர், அப்டேட் ஆகியிருக்கு, விண்டோஸோட என்கிரிப்ஷனான பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேக்குது. "நான் என்கிரிப்ஷனே போடலையே மாமா"ங்கிறான். நிஜம்தான், அவன் போடல, பல மெஷின்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு முதல் லாகின் பண்ணும்போதே அது தானா ஆன் ஆயிடும், டிபிஎம்னு ஒரு சிப் கீயை வச்சுக்கிட்டு தினமும் சத்தமில்லாம திறந்து விடும், அடியில ஏதாவது மாறினா அதுக்கு சந்தேகம் வந்து நம்மள கேக்கும். நல்ல வேளை, கீ அவனோட மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்லயே இருந்துச்சு, ஃபோன்ல லாகின் பண்ணி எடுத்து நான் படிக்க அவன் அடிச்சான். ஆறு ஆறு இலக்கமா எட்டு கூட்டம், ஒவ்வொரு கூட்டமும் 11ஆல வகுபடுற எண், அதனால ஒரு இலக்கம் தப்பா அடிச்சாலும் அப்பவே சொல்லிடும், இந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிச்சுது. விண்டோஸ் வச்சிருக்குறவங்க இப்பவே உள்ள போய் பாருங்க, ஆன்ல இருக்கா, கீ எங்க இருக்கு, பழைய மூடிப்போன மெயில் ஐடியில மாட்டிக்கிட்டு இருக்கான்னு. மேக்ல ஃபைல்வால்ட், அங்கயும் ரெக்கவரி கீயை பத்திரப்படுத்துற வேலை அதே வேலைதான். மூணு சிஸ்டத்துலயும் திறக்க வேண்டிய வெளி டிஸ்க்னா வெராகிரிப்ட். அதுக்கு முன்னாடி இருந்த ட்ரூகிரிப்ட்டை 2014 மே மாசம் கைவிட்டாங்க, இன்னும் சில பேர் அந்த பழசையே வச்சிருக்காங்க, மாத்திடுங்க.

எஸ்எஸ்டிலயே ஹார்ட்வேர் என்கிரிப்ஷன் இருக்கே, அது போதாதான்னு கேட்டா, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. நெதர்லாந்துல ராட்பவுட் யுனிவர்சிட்டிக்காரங்க 2018ல பிரபலமான சில எஸ்எஸ்டிகளை பிரிச்சு பாத்து, சிலதுல பாஸ்வேர்டே இல்லாம டேட்டாவை எடுக்க முடியுதுன்னு காட்டினாங்க, அப்போ பிட்லாக்கரும் அந்த மாதிரி டிஸ்க்ல வேலையை அது கிட்டயே விட்டுட்டு சும்மா இருந்துச்சு. சாஃப்ட்வேர் என்கிரிப்ஷன் வச்சுக்கிட்டா அந்த தலைவலி இல்ல. அதே மாதிரி எஸ்எஸ்டில ஏற்கனவே திறந்தபடி எழுதினதை அப்புறம் என்கிரிப்ட் பண்ணா பழைய துணுக்கு ஏதாவது ஒதுக்கி வச்ச செல்லுல தங்கியிருக்கலாம், அது நமக்கு கண்ணுக்கே தெரியாது. புது டிஸ்க் வாங்கினா முதல் நாளே பண்ணிடறது உத்தமம்.

அப்புறம் தூக்கம். என் தூக்கம் இல்ல, லேப்டாப்போட தூக்கம். மூடியை மூடினா ஸ்லீப்புக்கு போகுது பாருங்க, அப்போ மாஸ்டர் கீ ரேம்லயேதான் இருக்கு, பூட்டு திறந்த வீட்டுக்கு கதவை மட்டும் சாத்தின மாதிரி. 2008லயே பிரின்ஸ்டன்ல ரேமை குளிர வச்சு, பவர் போனப்புறமும் அதுலேந்து கீயை எடுத்து காட்டினாங்க. உங்க பையை தூக்கிட்டு போற ஆளு அதை செய்வானா, மாட்டான்னுதான் நெனைக்கிறேன். ஆனா ஒரு தடவை பயணத்துல பையை விட்டுட்டு எறங்கிட்டேன். பை கிடைக்க மூணு நாள் ஆச்சு, அந்த மூணு நாளும் என் மண்டையில ஓடுன ஒரே கேள்வி, ஷட் டவுன் பண்ணேனா, இல்ல மூடியை மட்டும் மூடினேனா. அது ஞாபகமே வரல. என்கிரிப்ட் பண்ணியும் உக்காந்து எல்லா பாஸ்வேர்டையும் மாத்தினேன். இப்போ வீட்டை விட்டு கெளம்பினா ஷட் டவுன், இல்லன்னா ரேம்ல இருக்குறதை ஸ்வாப்ல எழுதிட்டு ஆஃப் ஆகுற ஹைபர்னேட், ஸ்வாப்பும் லக்ஸுக்குள்ள இருக்குறதால அது பூட்டினதுதான். மெஷின் ஓடிட்டு இருக்கும்போது உள்ள வர்ற வைரஸுக்கும் இதெல்லாம் எந்த தடையும் இல்ல, அவனுக்கும் நமக்கு மாதிரியே எல்லாம் திறந்துதான் இருக்கும்.

போன மாசம் கீபோர்ட்ல நாலு கீ வேலை செய்யல, திரும்ப சர்வீஸ். போறதுக்கு முன்னாடி ஷட் டவுன் பண்ணியாச்சான்னு ரெண்டு தடவை பாத்துக்கிட்டேன். அதே கேள்வி, "பாஸ்வேர்ட் சொல்லுங்க சார்". கையில மஞ்சள் சீட்டு ரெடி. நான் பையிலேந்து ஒரு லைவ் பென்டிரைவ் எடுத்து கொடுத்தேன், "இதுல பூட் பண்ணி கீபோர்டை டெஸ்ட் பண்ணிக்கோங்க, டிஸ்க்கை தொட வேண்டிய அவசியமே இல்ல"ன்னு சொல்லிட்டு வந்தேன். ஒரு மாதிரி பாத்தாரு, வாங்கிக்கிட்டாரு.

மறுநாள் மத்தியானம் ஃபோன். "சார், கீபோர்ட் மாத்தியாச்சு, நல்லா வேலை செய்யுது. ஆனா ஒரு பிரச்சனை சார், உங்க டிஸ்க் கரப்ட் ஆன மாதிரி தெரியுது, ஒண்ணுமே ரீட் ஆகல. ஃபார்மட் பண்ணி ஓஎஸ் போட்டு கொடுத்துடவா?"

"அண்ணே, வேணாம், அது அப்படியே இருக்கட்டும், நான் இப்பவே வந்து எடுத்துக்கிறேன்"னு சொல்லி செருப்பை மாட்டினேன். கெளம்பறதுக்கு முன்னாடி பீரோவை திறந்து ஹெடர் பேக்கப் பென்டிரைவ் இடத்துல இருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டுத்தான் போனேன்.